பட்டமேற்படிப்புக்கான ஆங்கிலப் பரீட்சைகள்: சொல், இலக்கணம், வாசிப்பு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "வெளியில மாஸ்டர்ஸ் செய்யப் போறன்" என்று சொன்னால், அடுத்த கேள்வி அநேகமாக "ஐஎல்ட்ஸ் எடுத்திட்டீரோ?" என்பதாகத்தான் இருக்கும். அமெரிக்கா என்றால், "அதுக்கு ஜிஆர்இ-யும் வேணுமாமே" என்று பக்கத்தில் நிற்பவர் சேர்த்துக்கொள்வார். அப்புறம் எங்கிருந்தோ ஒரு தடித்த ஆங்கிலச் சொற்பட்டியல் கைக்கு வரும். போட்டோகொப்பி கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டு, நாளுக்கு ஐம்பது சொல் என்று பாடமாக்கத் தொடங்குவார்கள். மூன்றாம் கிழமையளவில் அது அலுமாரிக்கு மேல் ஏறிவிடும்.

பட்டியல் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பரீட்சைகளில் ஒருவர் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் தெரியாத சொல்லாக இருப்பதில்லை. ஒரு வசனம் எந்தப் பக்கம் திரும்புகிறது, அதை யார் சொல்கிறார், எதுவரைக்கும் சொல்கிறார் என்பதைப் பிடிக்காமல் விடுவதுதான் காரணம். அந்தத் திறன் தமிழில் நன்றாக வாசிப்பவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் மாதிரி வினாக்களைத் தமிழிலேயே தருகிறேன். வினாவின் உள்வேலை விளங்கிவிட்டால், ஆங்கிலத்தில் அதைச் செய்வது பயிற்சிதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இவை எல்லாம் ஒரே வகைப் பரீட்சைகள் அல்ல. ஐஎல்ட்ஸ், டோஃபல் இரண்டும் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கானவை. விரிவுரையைக் கேட்டு விளங்கவும், பாடநூலை வாசிக்கவும், எழுதவும், கதைக்கவும் போதிய ஆங்கிலம் உங்களிடம் இருக்கிறதா என்பதே அவற்றின் கேள்வி. ஜிஆர்இ, ஜிமேட் என்பவை வேறு; பட்டமேற்படிப்பு அனுமதிக்காகச் சிந்திக்கும் திறனை அளப்பவை. துறை கேட்டால், நியூயோர்க்கில் பிறந்து வளர்ந்தவரும் அவற்றை எழுதத்தான் வேண்டும்; எழுதிவிட்டுத் தலையைச் சொறிபவர்களும் அவர்களில் உண்டு. ஜிஆர்இ-யில் மொழிப்பகுதி, கணிதப்பகுதி, ஒரு கட்டுரை என மூன்று இருக்கின்றன. ஜிமேட் பெரும்பாலும் முகாமைத்துவக் கற்கைநெறிகளுக்குரியது.

எது உங்களுக்கு வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் துறையின் அனுமதிப் பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் பல துறைகள் ஜிஆர்இ-யைக் கைவிட்டுவிட்டன. சில துறைகள் விரும்பினால் தரலாம் என்கின்றன, சில இன்னும் கட்டாயமாகக் கேட்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்தில் பொறியியல் கேட்கும், மானுடவியல் கேட்காது. இன்னொன்று: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமோ பொறியியலோ ஆங்கில மூலம் படித்தவர்களுக்கு, பாடமொழி ஆங்கிலம் என்ற கடிதத்தின் பேரில் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஐஎல்ட்ஸ், டோஃபலிலிருந்து விலக்குத் தருகின்றன. எல்லா இடத்திலும் அது செல்லாது. கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு மின்னஞ்சல்தான் செலவு; ஐஎல்ட்ஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது இலவசம்.

சொல்வளம்

ஜிஆர்இ என்றால் சொற்களைப் பாடமாக்குவது என்ற எண்ணம் சும்மா வந்ததல்ல. 2011 ஓகஸ்ட்டுக்கு முன்பு அந்தப் பரீட்சையில் எதிர்ச்சொல் வினாக்கள் இருந்தன. ஒரு சொல்லைத் தனியே தந்து, அதற்கு எதிரானதைக் கண்டுபிடி என்பார்கள். சொல் தெரிந்தால் புள்ளி, தெரியாவிட்டால் இல்லை. ஒரு சோடிச் சொற்களுக்கு இடையே உள்ள உறவைப் போன்ற இன்னொரு சோடியைத் தேடும் வினாக்களும் இருந்தன. அந்த ஆண்டு மாற்றத்தில் இரண்டும் நீக்கப்பட்டன. புள்ளி அளவும் 200–800 என்பதிலிருந்து 130–170 ஆனது. மூவாயிரம் சொல் கொண்ட பட்டியல்கள் பழைய பரீட்சைக்குப் பொருத்தமானவை. பரீட்சை மாறி இத்தனை வருடம் ஆகியும், பட்டியல்கள் மட்டும் அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுக்கு என்று இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இப்போது சொல் தனியே வருவதில்லை, வசனத்துக்குள் இடைவெளியாக வருகிறது. ஒரு வகையில் ஆறு தெரிவுகள் தந்து இரண்டைத் தெரியச் சொல்வார்கள். இரண்டில் எதைப் போட்டாலும் வசனம் ஒரே பொருளைத் தர வேண்டும். தமிழில் ஒன்று செய்து பார்ப்போம்:

"வாத்தியார் ______ பேசுபவர் என்று ஊரில் பெயர், ஆனாலும் அன்றைய கூட்டத்தில் அவர் மைக்கை விடவே இல்லை."

தெரிவுகள்: சுருக்கமாக, கோபமாக, விரிவாக, அளவாக, நீட்டி முழக்கி, இனிமையாக.

அவசரப்படுபவரின் கண் "மைக்கை விடவே இல்லை" என்பதில் போய் நிற்கும். விரிவாக, நீட்டி முழக்கி என்று ஒரு சோடி தயாராக இருக்கிறது, பொருளும் ஒன்று. ஆனால் நடுவில் "ஆனாலும்" நிற்கிறது. முன்பாதிக்கு எதிராகத்தான் பின்பாதி வர வேண்டும். ஆகவே சரியான விடை சுருக்கமாக, அளவாக என்ற இரண்டும். கோபமாக, இனிமையாக இரண்டும் தனித்தனியாக வசனத்தில் உட்கார்ந்தாலும், அவற்றுக்குச் சோடி இல்லை, பின்பாதியோடும் ஒட்டவில்லை. இந்த வினாவில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் பிழை விட இடம் இருக்கிறது அல்லவா? ஆங்கில வினாவிலும் இதே பொறிதான்: ஒத்த கருத்துச் சொற்கள் இரண்டைப் பார்த்ததும் வசனத்தைப் பார்க்காமல் எடுத்துவிடுவது.

இன்னொரு வகையில் ஒன்று முதல் மூன்று இடைவெளிகள் வரும். ஓர் இடைவெளி என்றால் ஐந்து தெரிவுகள். அதற்கு மேல் என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று. எல்லா இடைவெளியும் சரியாக இருந்தால்தான் புள்ளி. மூன்றில் இரண்டு சரி என்பதற்கு அரைப் புள்ளி கிடையாது.

"புகையிலை குடாநாட்டில் பல குடும்பங்களைத் தாங்கியது; ஆயினும் அதன் விலை (1)______, அதை மட்டுமே நம்பியவர்களின் வாழ்க்கை (2)______."

முதல் இடைவெளிக்கு: ஆண்டுக்காண்டு ஏறி இறங்கியதால் / எப்போதும் ஒரேமாதிரி இருந்ததால் / சந்தையில் எழுதிப் போடப்பட்டதால். இரண்டாவதுக்கு: நிச்சயமில்லாமல் கிடந்தது / அமைதியாகக் கழிந்தது / ஊருக்குத் தெரியவந்தது.

முதல் இடைவெளியை மட்டும் பார்த்தால் மூன்றுமே பொருந்துகின்றன. "ஒரேமாதிரி இருந்ததால் அமைதியாகக் கழிந்தது" என்பதும் தனக்குள் சரியான காரண காரியம்தான். அதை வெட்டுவது "ஆயினும்" என்ற ஒரு சொல். முன்னால் நல்லது சொல்லியாயிற்று, இனி வருவது அதைக் குறைக்க வேண்டும். ஆகவே ஏறி இறங்கியதால், நிச்சயமில்லாமல் கிடந்தது. நன்றாகச் செய்பவர்கள் இடைவெளிகளை வரிசையாக நிரப்புவதில்லை. எந்த இடைவெளிக்கு வசனம் அதிகத் துப்புத் தருகிறதோ அதிலிருந்து தொடங்குகிறார்கள். தெரிவுகளைப் பார்க்கும் முன், இடைவெளியில் என்ன வரலாம் என்று தமிழிலாவது மனதுக்குள் ஒரு சொல் போட்டுக்கொள்வதும் உதவும். "மோசமான ஒன்று வரவேண்டும்" என்ற அளவுக்குக் கண்டுகொண்டாலே பாதித் தெரிவுகள் விழுந்துவிடும்.

திருப்புச் சொற்களை ஆங்கிலத்தில் தெரிந்துவைத்திருப்பது ஆயிரம் அரிய சொற்களைவிடப் பயன் தரும் என்பது என் கணிப்பு. ஆல்தோ, டிஸ்பைற், யெற், நெவர்தலெஸ், ஃபார் ஃபுரொம் ஆகியவை வசனத்தை எதிர்ப்பக்கம் திருப்புபவை. இன்டீட், மோரோவர் அதே பக்கம் தள்ளுபவை. அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும்கூட வேலை செய்கின்றன. முக்காற்புள்ளிக்குப் பின் வருவது பெரும்பாலும் முன்னதன் விளக்கம்.

சரி, சொற்களே வேண்டாமா? வேண்டும். முந்தின காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நிகண்டு பாடமாக்குவார்கள். அதில் ஒரு பொருளுக்குப் பல பெயர் ஒரு பகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் இன்னொரு பகுதி. ஆங்கிலச் சொற்களையும் அப்படிக் கூட்டமாகப் படிப்பதே நல்லது. லகோனிக், டெர்ஸ், சக்ஸிங்ற் மூன்றும் குறைவாகப் பேசும் கூட்டம். கருலஸ், வெர்போஸ், லொக்குவேஷஸ் அலட்டும் கூட்டம். அகரவரிசையில் படித்தால் லகோனிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. கூட்டமாகப் படித்தால், சோடி கேட்கும் வினாவுக்கு நேரே கைகொடுக்கும்.

இரண்டாவது பகுதி, அதாவது ஒரு சொல்லுக்குப் பல பொருள், இன்னும் முக்கியம். அதைப் பலர் கவனிப்பதே இல்லை. பரீட்சை வைப்பவர்களுக்கு மிகவும் பிடித்தது எல்லோருக்கும் தெரிந்த சொல்லின் இரண்டாம் பொருள்தான். குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது என்று நாம் எல்லோரும் அறிவோம். ஆய்வுக் கட்டுரையில் ஒருவர் தன் கருத்தை குவாலிஃபை செய்கிறார் என்றால், "ஆனால் எல்லா இடத்திலும் இது பொருந்தாது" என்று அதற்கு எல்லை போடுகிறார் என்று பொருள். சாங்ஷன் என்பது அனுமதியும் ஆகும், தண்டனைத் தடையும் ஆகும். டெம்பர் என்றால் கோபம் மட்டுமல்ல, வேகத்தைத் தணிப்பதும்தான். இப்படியான சொற்கள் உங்கள் பட்டியலில் "தெரியும்" என்ற பக்கத்தில் இருக்கும், அதனாலேயே ஆபத்தானவை.

இலக்கணம் எங்கே போனது?

பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டுவினை, நேர்கூற்று அயற்கூற்று என்று ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் இந்தப் பரீட்சைகளைத் திறந்ததும் திகைப்பார்கள். நேரடி இலக்கண வினா பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. பழைய தாள்முறை டோஃபலில் வசன அமைப்புக்கென்று ஒரு பகுதியே இருந்தது. 2005இல் வந்த இணையவழி டோஃபல் அதை விட்டுவிட்டது. ஜிமேட்டில் வசனத் திருத்தம் நீண்டகாலம் முக்கிய வினாவகையாக இருந்தது. 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் அதுவும் இல்லை. மொழிப்பகுதியில் வாசிப்பும் தர்க்கமும் மட்டும், 45 நிமிடத்தில் 23 வினாக்கள். ஜிஆர்இ மொழிப்பகுதியில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அதனால் வசனத் திருத்தப் பயிற்சிகள் நிறைந்த பழைய ஜிமேட் புத்தகம் யாராவது தந்தால் நன்றி சொல்லி வாங்கி வையுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் இலக்கணம் பின்கதவால் வருகிறது. 2026 ஜனவரி 21 முதல் நடப்பிலுள்ள புதிய டோஃபலில், கலைந்து கிடக்கும் சொற்களை ஒழுங்காக்கி ஒரு வசனம் கட்டும் வேலை ஒன்று உண்டு. பாதி எழுத்துகள் விடுபட்ட சொற்களை ஒரு பந்திக்குள் நிரப்பும் வேலையும் உண்டு. எழுத்துப்பகுதி உள்ள எல்லாப் பரீட்சையிலும் இலக்கணம் புள்ளியைத் தொடுகிறது. அங்கே நம்மவர்கள் விடும் பிழைகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொதுவானவை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் 'அ', 'த' போன்ற சின்னச் சொற்கள் தமிழில் இல்லாததால் அவற்றை விட்டுவிடுவோம் அல்லது எல்லா இடத்திலும் போடுவோம். தகவல் என்பதற்குத் தகவல்கள் என்று பன்மை இருப்பதால் இன்ஃபர்மேஷனுக்கும் ஒரு 'ஸ்' ஒட்டிவிடுவோம். டிஸ்கஸ் என்ற பின் எபவுட் வராமல் நம்மால் இருக்க முடியாது.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் வாசிக்கும்போது வருகிறது. "போன வருசம் உரும்பிராயில் கிணறு வெட்டிய பெடியன் வந்தான்" என்று சொல்கிறோம். பெடியனைப் பற்றிய விவரம் எல்லாம் பெடியனுக்கு முன்னால் வந்துவிடுகிறது. பெடியனும் வினையும் பக்கத்துப் பக்கத்தில். ஆங்கிலத்தில் பெடியன் முதலில் வந்துவிடுவான். அதன்பின் அவன் எப்போது எங்கே என்ன வெட்டினான் என்பதெல்லாம் வந்து, கடைசியாக "வந்தான்" வரும். ஜிஆர்இ பந்திகளில் இந்த இடைவெளிக்குள் இருபது முப்பது சொற்கள் நிற்கும். வினை வந்து சேரும்போது எழுவாய் மறந்திருக்கும். தமிழ் மூலம் படித்துவிட்டு வருபவர்கள் "சொல்லெல்லாம் தெரியுது, வசனம் விளங்கேல்லை" என்று சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நடுவில் உள்ளதை ஒரு விரலால் மறைத்துவிட்டு, யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் முதலில் பிடியுங்கள். மறைத்ததை இரண்டாம் முறை வாசியுங்கள். கணினித் திரையில் விரல் வைப்பது அழகில்லைத்தான். பயிற்சிக் காலத்தில் பரவாயில்லை.

ஒரு விஷயத்தில் நமக்கு வசதியும் உண்டு. ஆய்வு ஆங்கிலத்தில் இரட்டை மறுப்பு அதிகம்: நொற் அன்லைக்லி, நொற் வித்அவுற் மெரிற் என்று. "தெரியாமல் இல்லை", "காரணம் இல்லாமல் இல்லை" என்று தினமும் கதைக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பதற்றத்தில் ஒரு மறுப்பை மட்டும் எண்ணாமல் விடாதிருந்தால் போதும்.

வாசிப்பு

ஜிஆர்இ மொழிப்பகுதியில் ஏறத்தாழப் பாதி வினாக்கள் வாசிப்புச் சார்ந்தவை. ஐஎல்ட்ஸில் ஒரு மணி நேரத்தில் 3 பகுதிகள், 40 வினாக்கள். இங்குதான் நேரத்தைப் போட வேண்டும். பயிற்சிக்காக நான் எழுதிய ஒரு பந்தி:

"யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர்நீருக்கு மேலே நன்னீர்ப் படையாகத் தேங்குகிறது. கிணறுகள் அந்தப் படையையே நம்பியிருக்கின்றன. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், ஒரு நாளில் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதை மனித உடலின் களைப்பே தீர்மானித்தது. நீரிறைக்கும் இயந்திரம் அந்த எல்லையை நீக்கிவிட்டது. கிணறுகள் உவர்ப்பதற்கு இயந்திரமே முழுக் காரணம் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் இயந்திரம் பூட்டிய கிணறுகள் எல்லாம் உவர்க்கவில்லை. நன்னீர்ப் படை தடித்திருக்கும் இடங்களில் கணிசமான இறைப்பையும் கிணறு தாங்குகிறது. கடலோரமாகப் படை மெலிந்த இடங்களில் அதைவிடக் குறைந்த இறைப்பே உவர்நீரை மேலே இழுத்துவிடுகிறது."

முதல் வினா: பந்தியின் மையக் கருத்து எது? (அ) இயந்திரத்தால் கிணறுகளுக்குக் கேடு இல்லை. (ஆ) கிணறுகள் உவர்ப்பதை இயந்திரத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது, இடத்தின் தன்மையும் சேர்கிறது. (இ) துலா முறைக்குத் திரும்புவதே நிலத்தடி நீரைக் காக்கும் வழி.

கோண்டாவிலிலோ இணுவிலிலோ தோட்டம் உள்ள ஒருவருக்கு (இ) மனதைத் தொடும். அது நல்ல கருத்தாகவே இருக்கலாம். பந்தியில் இல்லை. (அ) பந்தி சொல்வதைவிட ஒரு படி மேலே போய்விடுகிறது: "முழுக் காரணம் அல்ல" என்பது "காரணமே அல்ல" ஆகிவிட்டது. விடை (ஆ). பிழையான தெரிவுகள் இந்த இரண்டு வழியிலேயே பெரும்பாலும் செய்யப்படுகின்றன. ஒன்று, உலகத்தில் உண்மையாக இருக்கும், ஆனால் பந்தியில் இல்லாதது. மற்றது, பந்தியில் உள்ளதைக் கொஞ்சம் ஊதிப் பெருப்பித்தது. எல்லாம், ஒருபோதும், மட்டுமே, முழுவதும் போன்ற சொற்கள் தெரிவில் இருந்தால் பந்தியில் அதற்கு ஆதாரம் தேடுங்கள்.

அடுத்தது: மனித உடலின் களைப்பைப் பற்றி எழுதியவர் ஏன் பேசுகிறார்? பழைய கமக்காரரின் கஷ்டத்தைச் சொல்ல என்று விடை தருபவர்கள் உண்டு. நமக்கு இரக்கம் வருவது இயல்பு. ஆனால் பந்தியில் அந்த வசனத்தின் வேலை வேறு: முன்பு இறைப்புக்கு ஓர் எல்லை இருந்தது என்று காட்டுவது. அடுத்த வசனத்தில் "அந்த எல்லை" என்று திரும்பி வருவதே அதற்குச் சாட்சி. ஜிஆர்இ இந்த வகை வினாவை விரும்பிக் கேட்கும். என்ன சொல்கிறது என்பதல்ல, ஏன் இந்த இடத்தில் சொல்கிறது என்பதே அங்கே கேள்வி.

மூன்றாவது, "சிலர் வாதிடுகிறார்கள்". இது எழுதியவரின் கருத்தல்ல, அவர் மறுக்கப்போகும் கருத்து. ஆங்கிலப் பந்தியில் சம் ஸ்கொலர்ஸ், இற் ஹாஸ் லோங் பீன் அசியூம்ட் என்று தொடங்கினால் பெரும்பாலும் அடுத்து ஒரு "ஆனால்" வந்துகொண்டிருக்கிறது என்று எதிர்பார்க்கலாம். ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில், இது யாருடையது என்று மனதுக்குள் பெயர் எழுதிக்கொண்டே போக வேண்டும்.

உய்த்தறியும் வினாவில் பலர் கற்பனையை அவிழ்த்து விடுகிறார்கள். உய்த்தறிதல் என்றால் பந்தி சொன்னதிலிருந்து கட்டாயமாக வருவது, வரக்கூடியது அல்ல. மேலே உள்ள பந்தியிலிருந்து, "ஒரு கிணற்றிலிருந்து எவ்வளவு இறைக்கிறார்கள் என்பதை மட்டும் அறிந்தால் அது உவர்க்குமா என்று சொல்லிவிட முடியாது" என்று உய்த்தறியலாம். "இன்னும் சில ஆண்டுகளில் கரையோரக் கிணறுகள் எல்லாம் பாழாகும்" என்று உய்த்தறிய முடியாது. இரண்டாவது பரபரப்பாக இருக்கிறது, முதலாவது சப்பென்று இருக்கிறது. சரியான விடை பெரும்பாலும் சப்பென்றுதான் இருக்கும்.

ஐஎல்ட்ஸில் இதன் உறவினர் ஒன்று உண்டு: சரி, பிழை, தரப்படவில்லை என்று மூன்றில் ஒன்றைத் தெரியும் வினா. "இயந்திரம் பூட்டிய கிணறுகள் அனைத்தும் உவர்த்துவிட்டன" என்பது பிழை. பந்தி அதை நேரே மறுக்கிறது. "இயந்திரம் வந்தபின் வெங்காயச் செய்கை பெருகியது" என்றால்? அப்படித்தான் இருக்கும் என்று உள்மனம் சொல்லும். பந்தி வெங்காயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆகவே தரப்படவில்லை. பந்தியில் எந்த வசனம் இதை மறுக்கிறது என்று சுட்டிக் காட்ட முடிந்தால் பிழை, சுட்ட வசனம் இல்லையென்றால் தரப்படவில்லை. இந்த ஒரு சோதனை பெரும்பாலான குழப்பங்களைத் தீர்க்கும்.

ஜிஆர்இ-யிலும் ஜிமேட்டிலும் வாதத்தைப் பலவீனப்படுத்தும் வினாவும் வரும். "இந்தக் கிராமத்தில் இயந்திரம் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் கிணறுகள் உவர்த்தன; ஆகவே இயந்திரம்தான் காரணம்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வைப்போம். அதே ஆண்டுகளில் மழை வழக்கத்தைவிடக் குறைவாகப் பெய்தது என்றால் வாதம் ஆடும். இயந்திரம் விலை கூடியது என்றால் ஒன்றும் ஆகாது. பின்னால் வந்தது என்பதால் முன்னால் வந்ததுதான் காரணம் என்று ஆகிவிடாது. ஊர்க் கதைகளில் தினமும் நடக்கும் இந்தத் தாவலைத்தான் பரீட்சையும் கேட்கிறது.

இதற்குப் பயிற்சி எது? பரீட்சைப் பந்திகள் விஞ்ஞானம், வரலாறு, கலை, சமூகம் என்று எல்லாத் துறையிலிருந்தும் வரும். உயர்தரத்தில் கணிதம் செய்தவருக்கு அமெரிக்க இசை வரலாறு பற்றிய பந்தி வரும். கலைப்பிரிவில் படித்தவருக்குக் கலப்பிரிவு பற்றி வரும். தனக்குப் பிடிக்காத துறையில் நாளுக்கு ஒரு நல்ல ஆங்கிலக் கட்டுரையை வடிவாக வாசிப்பதே நான் அறிந்த ஒரே வழி. வாசித்து முடித்ததும், எழுதியவர் சொன்னதைத் தமிழில் இரண்டு வசனத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் விளங்கவில்லை என்றுதான் கணக்கு. ரியூட்டரியில் தரும் வினாக்கள் அதன் பிறகு.

இந்த ஊருக்கு ஆங்கிலப் பரீட்சை ஒன்றும் புதிதல்ல. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, கறொல் விசுவநாதபிள்ளை இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். அந்தத் தாமோதரம்பிள்ளைதான் பிறகு பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்று பயப்படுபவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

பரீட்சை நாளும் புள்ளியும்

2023 செப்டெம்பர் முதல் ஜிஆர்இ சுருங்கிவிட்டது. மொத்தம் 2 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மொழிப்பகுதி இரண்டு துண்டு: முதலாவதில் 18 நிமிடத்தில் 12 வினா, இரண்டாவதில் 23 நிமிடத்தில் 15 வினா. முதல் துண்டை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவது துண்டின் கடினம் மாறும். இரண்டாவது கடினமாக இருந்தால் கலங்க வேண்டாம், அது நல்ல அறிகுறி. ஒரு துண்டுக்குள் வினாவைக் குறித்து வைத்துவிட்டுத் திரும்ப வரலாம். உயர்தர எம்சிகியூ போலவே பிழையான விடைக்குப் புள்ளி கழிவதில்லை. எதையும் வெறுமையாக விடாதீர்கள். கட்டுரைக்கு 30 நிமிடம், 0 முதல் 6 வரை தனிப் புள்ளி.

ஐஎல்ட்ஸ் 9 வரையிலான பாண்ட் அளவில் வரும்; முதுமாணிக்குப் பல இடங்களில் 6.5 கேட்கிறார்கள், ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குறைந்தபட்சமும் வைப்பதுண்டு. டோஃபல் 120 வரை இருந்தது, இப்போது 1 முதல் 6 வரை. ஐஎல்ட்ஸ், டோஃபல் புள்ளிகள் 2 வருடம் செல்லும், ஜிஆர்இ 5 வருடம். வேலை செய்துகொண்டே விண்ணப்பிக்க நினைப்பவர் ஜிஆர்இ-யை முதலில் முடித்து, மற்றதைக் கடைசியில் எடுப்பது வசதி.

ஜிஆர்இ-யை வீட்டிலிருந்தும் எழுதலாம். தனி அறை, பூட்டிய கதவு, நடுவில் யாரும் வரக்கூடாது. குறிப்பெடுக்கச் சாதாரணத் தாள் பாவிக்க முடியாது; சின்ன வெள்ளைப்பலகையோ, ஒளிபுகும் உறைக்குள் வைத்த தாளோதான், அதுவும் அழிக்கக்கூடிய பேனாவால். அம்மா தேத்தண்ணியோடு எட்டிப் பார்த்தாலும் பிரச்சினை, மின்சாரம் நின்றாலும் பிரச்சினை. கொழும்பில் நிலையத்தில் எழுதுவதென்றால், இரவு பஸ்ஸில் ஏறி விடியப்புறம் இறங்கி நேரே பரீட்சைக்குப் போவதை மட்டும் செய்யாதீர்கள். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் குலுங்கிய தலைக்கு "ஆயினும்" தெரியாது. முதல் நாளே போய்விடுங்கள்.

பதியும்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, போடுங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் ஒரு தாளில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் நிற்கும், பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும். வாசலில் பார்ப்பது கடவுச்சீட்டைத்தான்.

பணம் கட்டும் முன், ஜிஆர்இ-யை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனம் தரும் பவர்பிரெப் மாதிரிப் பரீட்சைகளில் இரண்டு இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை இப்போதே, ஒரு சொல்லும் படிக்காமல், நேரம் வைத்துச் செய்யுங்கள். பிழைத்த வினாக்களைப் பிறகு நேரம் பார்க்காமல் திரும்பச் செய்யுங்கள். அப்போது சரி வந்தால் குறை வேகத்தில். அப்போதும் பிழைத்து, அகராதி பார்த்ததும் சரி வந்தால் சொல்லில். அகராதி பார்த்தும் வராவிட்டால் வாசிப்பில். மற்ற இலவசப் பரீட்சையை உண்மைப் பரீட்சைக்கு இரண்டு கிழமை முன்னால் செய்வதற்கென்று விட்டு வையுங்கள்.